மூன்று மாதம் பச்சை, நான்காம் மாதம் சிவப்பு: நடுவில் என்ன நடந்தது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் திட்ட அறிக்கைகளுக்கு அவர் பொறுப்பு. எந்த நேரத்திலும் 40 ப்ராஜெக்ட் வரை ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ப்ராஜெக்ட் மேனேஜரும் வெள்ளிக்கிழமைக்குள் ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (எல்லோரும் ஆன்லைனில் பகிர்ந்துகொள்ளும் அட்டவணை) தன் ப்ராஜெக்டின் வரியைத் திருத்துவார். பச்சையா (திட்டப்படி) மஞ்சளா (சற்றுத் தாமதம்) சிவப்பா (அதிகத் தாமதம்), எத்தனை சதவீதம் முடிந்தது, கமிஷனிங், அதாவது நிலையத்தை ஓட்டிக் காட்டுவது, எப்போது என்பவை அந்த வரியில் இருக்கும். அதிலிருந்து, தகவலைப் படங்களாக்கும் பவர் பி.ஐ. மென்பொருளில் டாஷ்போர்டு தயாராகும். திங்கள் காலை அதை பி.டி.எஃப். ஆக்கி மேலிடத்துக்கு மெயில் அனுப்புவது வாசகியின் வேலை. முடிந்த ப்ராஜெக்ட்களை மாதக் கடைசியில் லிஸ்டிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

ஏப்ரல் கடைசியில் நடந்த ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு ப்ராஜெக்ட் சிவப்பாக வந்தது. "மூணு மாசமா பச்சையா இருந்தது ஒரே வாரத்துல எப்படிம்மா சிவப்பாச்சு? ட்ரெண்டைக் காட்டு" என்று எம்.டி. கேட்டிருக்கிறார். காட்ட எதுவும் இல்லை. டாஷ்போர்டில் இருந்தது அந்த வார நிலவரம் மட்டும். மீட்டிங் முடிந்ததும் இவருடைய மேலதிகாரி, மேனேஜர்களிடம் கேட்டு ஜனவரியிலிருந்து எல்லா வாரத்துக்கும் நிறத்தை நிரப்பி ஒரு சார்ட் போடச் சொல்லிவிட்டார். இவர் கேட்க ஆரம்பித்ததும், வேறொரு ப்ராஜெக்டைப் பார்க்கும் வயதில் மூத்த ஒரு மேனேஜர் போனில், "அந்த மார்ச் மாச மஞ்சளை மட்டும் பச்சையாக்கிடும்மா, அது கிளையண்ட் பக்கத்து டிலே" என்கிறார்.

வாசகி கேட்பவை நான்கு. பவர் பி.ஐ.யில் ரிஃப்ரெஷ் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறதே, பழைய நிலவரம் அதில் இருக்காதா? ட்ரெண்ட் வேண்டுமென்றால் டேட்டா வேர்ஹவுஸ் (பழைய தகவலையெல்லாம் சேர்த்து வைக்கும் பெரிய தகவல் கிடங்கு) வாங்கித்தான் ஆக வேண்டுமா? பி.டி.எஃப்.களைப் புரட்டினால் பச்சை சதவீதம் ஜனவரியிலும் ஏப்ரலிலும் 60தான், அப்படியானால் மொத்தத்தில் நிலைமை மோசமாகவில்லை என்று சொல்லலாமா? கடைசியாக, பழைய நிறத்தை மாற்றிக் கொடுத்தால் தனக்குச் சட்டச் சிக்கல் வருமா? ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் தோழி ஒருவர் "எடிட் லாக் சட்டம்" என்று பயமுறுத்தியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் எம்.டி. கேட்டதைப் பிரித்துப் பார்ப்போம். அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய வாரங்களின் தகவல் எங்கே என்பது ஒன்று. அந்தத் தகவல் கையில் இருந்திருந்தாலும் அது ஏன் மூன்று மாதம் பச்சையாகவே இருந்திருக்கும் என்பது இன்னொன்று. நீங்கள் முதல் கேள்வியில்தான் தவிக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது. அதனால் முதலாவதை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

பழைய நிலவரம் எங்கே போனது

பவர் பி.ஐ.யின் ரிஃப்ரெஷ் ஹிஸ்டரியில் தேடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு ரிஃப்ரெஷ் ஓடியது, வெற்றியா தோல்வியா என்பதுதான் அதில் இருக்கும். தகவல் இருக்காது. தகவலை நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும் இம்போர்ட் முறையில் ஒவ்வொரு ரிஃப்ரெஷும் பழைய அட்டவணையைத் தூக்கிவிட்டு மூலத்தில் அப்போது இருப்பதை வைக்கிறது. உங்கள் மூலமோ ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு வரி என்று இருக்கும் லிஸ்ட். மேனேஜர் வெள்ளிக்கிழமை அதே வரியின் மேல் எழுதுகிறார். மூலத்திலேயே நினைவு இல்லாதபோது அதைப் படம் போட்டுக் காட்டும் டாஷ்போர்டுக்கு மட்டும் எப்படி இருக்கும்?

ஆனால் ஷேர்பாயிண்ட் முழுக்க மறதிக்காரர் அல்ல. லிஸ்டில் வெர்ஷன் ஹிஸ்டரி வழக்கமாக இயங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். யார், எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தை எதுவாக மாற்றினார் என்பது வரிசையாக வரும். பொதுவாக ஒரு வரிக்குக் கடைசி 50 பதிப்புகள் வரை வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பழையவை உதிரும். ஒரு மேனேஜர் வாரத்துக்கு இரண்டு முறை சேமிக்கிறார் என்றால் ஆறு மாதம் பின்னால் போகலாம். குறிப்புப் பெட்டியில் ஒரு கமா மாற்றினாலும் சேமிக்கிறவர் என்றால் இரண்டு மாதம்கூடத் தாங்காது. எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன், லிஸ்ட் செட்டிங்ஸில் அந்த வரம்பைச் சில நூறுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். அனுமதி உங்களிடம் இல்லையென்றால் ஐ.டி.யில் இருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை.

மாதக் கடைசியில் நீக்கிவிட்ட ப்ராஜெக்ட்களும் உடனே காணாமல் போவதில்லை. ஷேர்பாயிண்ட் ஆன்லைனின் ரீசைக்கிள் பின்னில் 93 நாட்கள் இருக்கும். மார்ச் கடைசியில் நீக்கியவற்றை இப்போது மீட்கலாம். ஜனவரி கடைசியில் நீக்கியவற்றுக்குக் கெடு நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது, இன்றே பாருங்கள். இனிமேல் நீக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். "முடிந்தது" என்று ஒரு கட்டம் வைத்து, டாஷ்போர்டில் வடிகட்டிக்கொண்டால் போதும்.

இதைவிட நம்பகமான சான்று ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. திங்கள்தோறும் நீங்கள் அனுப்பிய பி.டி.எஃப்.கள். அந்தந்த வாரம் மேலிடம் எதைப் பார்த்ததோ அதுவேதான் அவற்றில் இருக்கிறது. பின்னால் யாரும் கை வைத்திருக்க முடியாது. ஜனவரி முதல் என்றால் 17 மெயில்கள் இருக்குமா? ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் எக்செல்லில் ஏற்றிவிடலாம். வெர்ஷன் ஹிஸ்டரியோடு ஒத்துப் பார்த்து, முரண்பட்டால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிலும் கிடைக்காத வாரத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். மேனேஜர்களின் ஞாபகத்தை வைத்து மட்டும் நிரப்பாதீர்கள். ஒரு ப்ராஜெக்ட் எப்படி முடிந்தது என்று தெரிந்த பிறகு, மார்ச் இரண்டாம் வாரத்தில் என்ன நினைத்தோம் என்பதை யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. பொய் சொல்வார்கள் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும்.

இனிமேல் சேர்த்து வைப்பது

டேட்டா வேர்ஹவுஸ் வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படுவது வாரத்துக்கு ஒருமுறை லிஸ்டை அப்படியே நகலெடுத்து, தேதி போட்டு, இன்னொரு அட்டவணையின் அடியில் சேர்க்கும் ஏற்பாடு. ரால்ஃப் கிம்பால் போன்றவர்கள் தகவல் கிடங்கு வடிவமைப்பில் இதற்குக் கால இடைவெளி ஸ்னாப்ஷாட் என்று பெயர் வைத்துப் பல காலமாகிறது. 40 ப்ராஜெக்ட், 52 வாரம்: வருடத்துக்கு 2,080 வரிகள். எக்செல் சிரித்துக்கொண்டே தாங்கும் அளவு.

வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் பவர் ஆட்டோமேட் மென்பொருளில், நேரம் குறித்து ஓடும் ஃப்ளோ (வரிசையான படிகள்) ஒன்று போதும். அதில் மூன்று இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காமல் வெள்ளி இரவு 8 மணி என்று வைத்தால் அது உலக நேரத்தை எடுத்துக்கொண்டு, நம் கணக்கில் சனி அதிகாலை 1.30க்கு ஓடும், கெடு முடிந்த பிறகு போட்ட திருத்தங்களும் உள்ளே வந்துவிடும். பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று ஒரே வரியில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, லிஸ்டிலிருந்து வரிகளை எடுக்கும் படி எதையும் மாற்றாவிட்டால் முதல் 100 வரிகளோடு நின்றுவிடும். இப்போது 40தான். ஆனால் மைல்கல்லுக்கு (வேலையின் முக்கியக் கட்டத்துக்கு) ஒரு வரி, ப்ராஜெக்டுக்குப் பத்து மைல்கல் என்று விரித்தால் 400 ஆகும். 300 வரிகள் சத்தமில்லாமல் விடுபடும், ஃப்ளோ மட்டும் பச்சை டிக் காட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது, நகல்களை இன்னொரு ஷேர்பாயிண்ட் லிஸ்டிலேயே சேர்ப்பதானால் ஒரே நேரத்தில் 5,000 வரிகளுக்கு மேல் தேட விடாத வரம்பு இரண்டரை வருடத்தில் வந்து நிற்கும். ஸ்னாப்ஷாட் தேதிக் கட்டத்துக்கு இப்போதே இண்டெக்ஸ் (தேடலை எளிதாக்கும் அடையாளம்) போட்டுவிடுங்கள்.

நிறத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முதல் தேதி, இந்த வாரம் எதிர்பார்க்கும் தேதி, முடிந்த சதவீதம், நிறத்தைக் குறித்தவர் பெயர், ஒரு வரிக் காரணம் ஆகியவையும் வேண்டும். இவற்றோடு மேனேஜர் அந்த வரியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்பதும் வேண்டும். மூன்று வாரமாக யாரும் தொடாத பச்சையும், நேற்று யோசித்துப் போட்ட பச்சையும் டாஷ்போர்டில் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. தொடாத வாரத்தைக் கோடு போட்ட கட்டமாகக் காட்டினாலே பாதி மேனேஜர்கள் திருந்திவிடுவார்கள்.

பவர் பி.ஐ. பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்னாப்ஷாட் எண்ணிக்கையை வாரங்களுக்கு இடையே கூட்டக் கூடாது. மார்ச்சின் நான்கு வாரத்தையும் கூட்டினால் 40 ப்ராஜெக்ட் 160 ஆகிவிடும். மாதத்துக்கு ஒரு எண் வேண்டுமானால் அந்த மாதத்தின் கடைசி ஸ்னாப்ஷாட்டை எடுங்கள்.

அந்த ப்ராஜெக்ட் ஏன் மூன்று மாதம் பச்சையாக இருந்தது

இப்போது இரண்டாவது கேள்வி. நீங்கள் இணைத்திருந்த பி.டி.எஃப்.களில் அந்த ஒரு ப்ராஜெக்டை முதலில் பார்த்தேன். நிறத்தை விட்டுவிட்டு, கமிஷனிங் தேதியை மட்டும் மாதவாரியாக எழுதினேன்:

ஜனவரி கடைசி அறிக்கை: ஜூன் 30.
பிப்ரவரி கடைசி: ஜூலை 14.
மார்ச் கடைசி: ஜூலை 31.
ஏப்ரல் கடைசி: ஆகஸ்ட் 18.

முதல் மூன்றிலும் நிறம் பச்சை. ஏனென்றால் உங்கள் மேனேஜர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருத்திய தேதியோடு ஒப்பிட்டுத்தான் நிறம் போட்டிருக்கிறார். தேதியை நகர்த்திவிட்டு அந்தத் தேதிக்குள் முடிப்போம் என்றால் எந்த ப்ராஜெக்டும் எப்போதும் பச்சைதான். ஒரே வாரத்தில் அது சிவப்பாகவில்லை. ஜனவரியிலிருந்தே மாதத்துக்குச் சுமார் இரண்டு வாரம் என்ற கணக்கில் நழுவிக்கொண்டிருந்தது. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் எங்கள் தொழிலில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்பார்கள்.

இதற்கு ஒரு பழைய, எளிய வரைபடம் இருக்கிறது: மைல்கல் போக்கு வரைபடம். கிடைமட்டத்தில் அறிக்கை கொடுத்த தேதி. செங்குத்தில் அந்த அறிக்கை சொன்ன முடிவுத் தேதி. இரண்டு அச்சிலும் ஒரே காலண்டர். கோடு படுக்கையாகப் போனால் சொன்ன தேதி நிற்கிறது. மேலே ஏறினால் நழுவுகிறது. மூலைவிட்டத்தைத் தொடும் இடத்தில் வேலை முடிகிறது, ஏனென்றால் அறிக்கை தேதியும் முடிவுத் தேதியும் அங்கே ஒன்றாகின்றன.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 31 முதல் ஏப்ரல் 30 வரை கடந்தது 89 நாள். அதே காலத்தில் முடிவுத் தேதி ஜூன் 30லிருந்து ஆகஸ்ட் 18க்கு, அதாவது 49 நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் கடந்தால் இலக்கு அரை நாளுக்கும் சற்று அதிகமாக விலகி ஓடுகிறது. ஏப்ரல் 30லிருந்து ஆகஸ்ட் 18க்கு 110 நாள்தான் பாக்கி என்று அறிக்கை சொல்கிறது. இதே வேகத்தில் நழுவினால் கோடு மூலைவிட்டத்தைத் தொடுவது டிசம்பர் கடைசியில். டிசம்பரில்தான் முடியும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. உதாரணமாக, வராமல் நிற்கும் மோட்டார்கள் சைட்டுக்கு வந்து சேர்ந்தால் நழுவல் அங்கேயே நின்றுவிடலாம். ஆனால் ஆகஸ்ட் 18 என்ற தேதியை எம்.டி. நம்ப வேண்டுமானால், இதுவரை நழுவவைத்த காரணம் இப்போது இல்லை என்று யாராவது அவருக்குக் காட்ட வேண்டும். பிப்ரவரி கடைசியில் இரண்டே புள்ளிகள் இருந்தபோதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

நிறம் ஒருவருடைய அபிப்பிராயம். தேதி அவர் கொடுத்த வாக்கு. ட்ரெண்ட் என்று எதையாவது ஒன்றைப் பின்தொடர வேண்டுமானால் வாக்கு எப்படி நகர்கிறது என்பதைப் பின்தொடருங்கள். நிறத்தை எப்போதும் ஒப்பந்தத்தின் முதல் தேதியோடு ஒப்பிட்டுத்தான் போட வேண்டும். கிளையண்ட் எழுத்தில் ஒப்புக்கொண்டு தேதி மாறினால் அதைத் தனிக் கட்டத்தில் காட்டுங்கள், பழையதை அழிக்காதீர்கள். 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகத்தின் அறிக்கைகளில், முதலில் ஒப்புதல் கொடுத்த தேதியும் இப்போது எதிர்பார்க்கும் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தாமதங்களை வெளியே சொல்ல வேண்டியிருக்கும் அரசாங்கமே முதல் தேதியை மறைப்பதில்லை.

60 சதவீதம் சொல்லாமல் விடுவது

பச்சை 60 சதவீதத்திலேயே நிற்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். ஜனவரியில் 40 ப்ராஜெக்ட், அதில் 24 பச்சை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலுக்குள் 10 முடிந்து வெளியே போகின்றன. அவற்றில் 6 பச்சை. தொடரும் 30இல் பச்சையாக இருந்தவை 18. இந்த 30இல் ஏப்ரலில் பச்சை 12 ஆகக் குறைகிறது. அதே சமயம் 15 புதிய ஆர்டர்கள் உள்ளே வருகின்றன. வேலையே தொடங்காத ப்ராஜெக்ட் எப்படி மஞ்சளாகும்? 15ம் பச்சை. இப்போது 45இல் 27 பச்சை. மறுபடியும் 60 சதவீதம்! மூன்றில் ஒரு பங்கு பச்சையை இழந்த பழைய கூட்டத்தைப் புது வரவுகள் மறைத்துவிட்டன. ஆர்டர் நன்றாக வரும் காலாண்டில் டாஷ்போர்டு அழகாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இதற்குப் பதிலாக, போன மாதமும் இந்த மாதமும் இருக்கும் ப்ராஜெக்ட்களை மட்டும் எடுத்து எது எங்கே நகர்ந்தது என்று எண்ணுங்கள். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு எத்தனை, மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பியவை எத்தனை, பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவியவை எத்தனை? அந்தக் கடைசி எண்ணைத் தனியாகக் காட்டுங்கள். மஞ்சளில் நிற்காமல் தாவிய ஒவ்வொன்றும், தகவல் தாமதமாக வந்தது என்பதற்கான அடையாளம். உங்கள் எம்.டி.யைக் கோபப்படுத்தியது அதுதான்.

பச்சைக்கு 1, மஞ்சளுக்கு 2, சிவப்புக்கு 3 என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கும் யோசனையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. வேண்டாம். இரண்டு மஞ்சளும் ஒரு பச்சை, ஒரு சிவப்பும் ஒரே சராசரிதான் தரும். மேலிடம் கவனிக்க வேண்டியது அந்தச் சிவப்பை.

எஸ்.பி.ஐ. (வேலை திட்ட வேகத்தில் போகிறதா என்று காட்டும் குறியீடு) கடைசிக் கட்டத்தில் தானாகவே மேலே ஏறுகிறது, டீம் தாமதத்தை ஈடுகட்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது ஈடுகட்டியதால் ஏறவில்லை. முடித்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுப்பதுதான் எஸ்.பி.ஐ. வேலை எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், முடிந்த நாளில் இரண்டும் சமமாகி 1 வந்தே தீரும். அதனால் முக்கால்வாசி வேலை முடிந்த பிறகு அந்த எண்ணை நம்பக் கூடாது. திட்ட மேலாண்மை நிபுணர் வால்ட் லிப்கே 2003இல் இந்தக் குறையைச் சரிசெய்ய, ரூபாயில் அளக்காமல் காலத்தில் அளக்கும் முறையை முன்வைத்தார். விருப்பமிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் மேலே சொன்ன மைல்கல் வரைபடமே உங்களுக்குப் போதும்.

விதி மாறினால் கோடு போடுங்கள்

மஞ்சளுக்கான வரையறையை 10 நாளிலிருந்து 15 நாள் என்று யாராவது மாற்றினால், அந்த வாரமே பல ப்ராஜெக்ட்கள் "முன்னேறிவிடும்". பிரிட்டன் அரசு தன் பெரிய திட்டங்களின் நிற மதிப்பீட்டை 2013 முதல் வருடந்தோறும் வெளியிட்டு வந்தது. முதலில் ஐந்து படிகள். 2021-22 அறிக்கையில் மூன்று படிகளாகச் சுருக்கினார்கள். அந்த வருடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேராக ஒப்பிட முடியாது. உங்கள் சார்ட்டிலும் விதி மாறிய வாரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, என்ன மாறியது என்று எழுதிவிடுங்கள்.

நிறத்தை மாற்றச் சொல்கிறார்கள்

உங்கள் தோழி சொன்ன எடிட் லாக் விதி உண்மையில் இருக்கிறது. நிறுவனங்களின் கணக்கு விதிகளின்படி, கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்கும் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஆனால் அது கணக்குப் புத்தகங்களுக்கான மென்பொருளைப் பற்றியது. ப்ராஜெக்ட் நிறம் வைத்திருக்கும் லிஸ்ட் தானாகவே அதற்குள் வந்துவிடாது. நிறத்தை மாற்றினால் நாளைக்கே நோட்டீஸ் வரும் என்று பயப்பட வேண்டாம்.

நிஜமான ஆபத்து பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது: முடிந்த சதவீதம். உங்களைப் போன்ற ஒப்பந்த நிறுவனங்களில் இந்திய கணக்குத் தரம் 115இன் கீழ் வேலை முன்னேற்றத்தை வைத்து வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. உங்கள் நிறுவனத்தில் அந்த முன்னேற்றக் கணக்குக்கு உங்கள் லிஸ்டின் சதவீதம் பயன்படுகிறதா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். பயன்படுகிறது என்றால் பழைய வாரத்து எண்ணைத் திருத்துவது ரிப்போர்ட்டை அழகுபடுத்தும் விஷயமாக இருக்காது. தணிக்கையாளர் கேள்வி கேட்கும் விஷயமாகிவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மாற்றச் சொன்னது போனில். மாற்றினால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பதிவாவது உங்கள் பெயர்.

மேலதிகாரியிடமோ அந்த மூத்த மேனேஜரிடமோ முறைத்துக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. கிளையண்ட் பக்கத்து டிலே என்று அவர் சொல்வது நியாயமாகவே இருக்கலாம். ட்ராயிங் அப்ரூவலை ஆறு வாரம் வைத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது அந்த நியாயம் பதிவாவது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அந்த வாரம் அனுப்புன பி.டி.எஃப். எம்.டி. கையிலயே இருக்கு, கலரை இப்ப மாத்துனா உங்களுக்குத்தான் சங்கடம். டிலே எந்தப் பக்கம்னு ஒரு கட்டம் சேக்கறேன். உங்க பேர்ல, அப்ரூவல் மெயில் தேதியோட போட்டுடலாம்." நிஜமான பிழைத் திருத்தங்களுக்கும் இதே வழிதான். பழைய வரியைத் தொடாமல், இன்றைய தேதியில் காரணத்தோடு ஒரு புது வரி.

மேலதிகாரிக்கு ஒரு மெயில் போதும். "ஜனவரி முதல் உள்ள நிலவரத்தை அனுப்பிய அறிக்கைகளிலிருந்தும் வெர்ஷன் ஹிஸ்டரியிலிருந்தும் எடுத்திருக்கிறேன். கிடைக்காத வாரங்களைச் சாம்பலில் காட்டியிருக்கிறேன்" என்று எழுதி சார்ட்டை இணைத்துவிடுங்கள். அவர் கேட்டது ட்ரெண்ட் சார்ட். கேட்டதைவிட நல்லது கிடைத்தால் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதற்குப் பிறகும் "சாம்பலை நிரப்பு" என்றால், அதை மெயிலில் சொல்லும்படி பணிவாகக் கேளுங்கள்.

முதல் மீட்டிங்குக்கு முன்

இந்த சார்ட்டை நேராக எம்.டி. முன்னால் போய்த் திறக்காதீர்கள். ஒரு மாதம் மேனேஜர்களுக்கு மட்டும் காட்டுங்கள். தங்கள் கோடு மேலே ஏறுவதை அவர்களே முதலில் பார்க்கட்டும். தவறான தேதி இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சிவப்பு போட்டவரை மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் நிறுவனத்தில் எவ்வளவு நல்ல சார்ட்டும் சீக்கிரம் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். அமெரிக்க அரசு தன் ஐ.டி. திட்டங்களுக்கு 2009இலிருந்தே பொது டாஷ்போர்டு வைத்திருக்கிறது. அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2016இல் 95 திட்டங்களைத் தானே மதிப்பிட்டுப் பார்த்தது. துறைகள் போட்டிருந்த மதிப்பீட்டோடு ஒத்துப்போனவை 22. துறை சொன்னதைவிட ஆபத்து அதிகமாக இருந்தவை 60. குறைவாக இருந்தவை 13. ஊரே பார்க்கும் பலகையிலேயே இந்த நிலை என்றால், மூடிய அறை ரிவ்யூவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.டி.க்கான பக்கத்தில் இரண்டு படங்கள் போதும். மேலே, ப்ராஜெக்டுக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று நிறப் பட்டை. பச்சையும் சிவப்பும் சிலர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், அதனால் கட்டத்துக்குள் ப, ம, சி என்று எழுத்தும் போடுங்கள். கீழே, அதிகமாக நழுவிய ஐந்து ப்ராஜெக்ட்களின் மைல்கல் வரைபடம். ஒரு வாரம் மூன்று நாள் ஏறி அடுத்த வாரம் இரண்டு நாள் இறங்கினால் அது வழக்கமான ஏற்ற இறக்கம். அதற்கெல்லாம் விளக்கம் கேட்க ஆரம்பித்தால் மேனேஜர்கள் தேதியைத் தொடுவதையே நிறுத்திவிடுவார்கள். எது சாதாரண ஆட்டம், எது நிஜ மாற்றம் என்று பிரிக்க இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். உங்களுக்கு இப்போதைக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். தொடர்ந்து மூன்று மாதக் கடைசி அறிக்கைகளில் ஒரே திசையில் நழுவியவற்றை மட்டும் பேச்சுக்கு எடுக்கலாம் என்று எம்.டி.யிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், நீங்கள் அனுப்பிய ப்ராஜெக்டோடு சேர்த்து இன்னும் இரண்டின் பெயர் வர வேண்டும், பி.டி.எஃப்.களில் அவற்றின் கமிஷனிங் தேதியைப் பாருங்கள், இரண்டும் இன்னும் பச்சையில்தான் இருக்கின்றன. அந்த இரு மேனேஜர்களிடமும் இந்த வாரமே பேசிவிடுங்கள்.